மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தல்: தமிழ்நாட்டில் ஒரு முடிவின் வரலாறு

மருத்துவப் படிப்புக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கு ஒவ்வோர் ஆண்டும் நாளிதழ்களில் வெளியாகிறது. விண்ணப்பிக்காதவர்களின் கணக்கு எங்கும் வெளியாவதில்லை. "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது" என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வேறு படிப்பைத் தேடிப் போனவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால், சேர்க்கை விதிகள் மாறும்போதெல்லாம் முதலில் மாறுவது இவர்களின் எண்ணிக்கைதான். சென்னை மாகாணத்திலும் பின்னர் தமிழ்நாட்டிலும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று யார் நினைத்தார்கள், அந்த நினைப்பை எந்த விதிகள் உண்டாக்கின அல்லது கலைத்தன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. இட ஒதுக்கீட்டின் வரலாறாகவும் நீட் தேர்வின் வரலாறாகவும் இதே நிகழ்வுகள் பலமுறை எழுதப்பட்டுள்ளன. விண்ணப்பத்தின் பக்கம் நின்று பார்க்கும்போது அவற்றில் சில வேறு முகம் காட்டுகின்றன.

தொடக்க காலம்

சென்னையில் மருத்துவப் பள்ளி 1835ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. கம்பெனிப் படையின் மருத்துவமனைகளுக்குத் துணைநிலை மருத்துவப் பணியாளர்களை உருவாக்குவதே அதன் முதல் நோக்கம். 1850இல் அது கல்லூரியானது. பெண்கள் அங்கே படிப்பதைப் பற்றி அந்நாளில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சென்னையில் வழக்கறிஞராக இருந்த கணவருடன் வாழ்ந்துவந்த ஆங்கிலேயப் பெண் மேரி ஷார்லீப், 1875இல் அங்குச் சேர அனுமதி கேட்டார். ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டோம் என்று பிரசவ காலத்தில் உயிரை விடும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டதே அவரை அந்தப் பக்கம் திருப்பியது. அனுமதி கிடைத்தது; அவருடன் வேறு மூன்று பெண்களும் சேர்ந்தனர். பெண்களுக்கு மருத்துவப் பதிவுரிமை வழங்கலாம் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது 1876இல்தான். சென்னை அதற்கு ஓராண்டு முந்திக்கொண்டது. 1878இல் ஷார்லீப் படிப்பை முடித்தார்.

ஆனால், அந்தக் கதவு எல்லாப் பெண்களுக்குமாகத் திறந்துவிடவில்லை. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். அவருடைய வாழ்க்கையில் கடினமான விண்ணப்பம் சென்னைக்கு எழுதியதன்று. ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்வதே பெரும்பாடாக இருந்தது. பெண் வந்தால் மற்ற மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்ற எதிர்ப்பு ஒருபுறம். தாயார் தேவதாசி மரபில் வந்தவர் என்ற பேச்சு மறுபுறம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி அளித்த பிறகே வகுப்பில் உட்கார முடிந்தது. ஆக, மருத்துவம் படிப்பதா என்ற கேள்விக்கு விடை புதுக்கோட்டையிலேயே முடிவாகிவிட்டது. இந்த வரலாறு முழுவதும் இதே போக்கு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது: விண்ணப்பப் படிவம் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, வேறோர் இடத்தில், விண்ணப்பிப்பது முடிவாகிவிடுகிறது.

பதினான்கில் ஒரு பங்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மக்கள் தொகையில் பிராமணர் ஏறத்தாழ நூற்றுக்கு மூவர். பட்டதாரிகளிலும் அரசு அலுவலர்களிலும் அவர்களே பெரும்பான்மை. நீதிக்கட்சி எழுந்ததற்கு இந்த வேறுபாடே காரணம். 1920களில் அரசுப் பணிக்கு வகுப்புவாரி ஆணைகள் வந்தன. கல்லூரி இடங்களுக்கும் அந்த முறை விரிந்தது.

1950இல் நடைமுறையில் இருந்த ஆணைப்படி ஒவ்வொரு 14 இடங்களும் இவ்வாறு பிரிக்கப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அந்நாளைய ஆணைகளில் ஹரிஜனர் எனக் குறிக்கப்பட்ட தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ-இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. மாநிலத்தில் அப்போது நான்கு மருத்துவக் கல்லூரிகள். மொத்தம் 330 இடங்கள். வெளிமாநிலத்தவருக்கு 17, அரசின் விருப்பப்படி வழங்க 12 என ஒதுக்கியது போக எஞ்சியவை 301. இவை மாவட்டத் தொகுதிவாரியாகவும் பிரிக்கப்பட்டன. மாணவியருக்குக் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு இடம் தரவேண்டும் என்ற விதியும் உண்டு. இந்த விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கை ஒரு மாணவர் எப்படிப் படித்திருப்பார்? பள்ளியிலேயே தம் வகுப்பிலிருந்து ஒருவரோ இருவரோ மட்டும் மேலே வந்திருந்த குடும்பத்துக்கு, 14இல் 2 என்ற எண் ஓர் அழைப்பு. அந்த இடம் யாரோ ஒருவருக்குப் போகத்தான் போகிறது. அது ஏன் நம் பிள்ளையாக இருக்கக்கூடாது என்று கேட்க வைத்த எண் அது. படித்தவர்கள் நிறைந்த வகுப்பைச் சேர்ந்தவருக்கோ அதே 14இல் 2 என்பது ஒரு சுவர். மனுப்போட்டுப் பயனில்லை என்று முன்கூட்டியே சொல்லும் எண்.

விண்ணப்பிக்காத மனுதாரர்

இந்தியாவின் இட ஒதுக்கீட்டு வழக்குகளில் முதலாவதாகச் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன் வழக்கு. 1950 ஜனவரி 26இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 7ஆம் தேதி செண்பகம் துரைராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு அளித்தார். வகுப்புவாரி ஆணை தமது அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்பது அவர் வாதம். பொறியியல் கல்லூரியில் இடம் கேட்ட சி. ஆர். சீனிவாசனும் தனியே ஒரு மனு அளித்தார். உயர் நீதிமன்றம் ஜூலை மாதம் இருவருக்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1951 ஏப்ரல் 9இல் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எஸ். ஆர். தாஸ்.

இவை பாடப்புத்தகங்களில் உள்ளவை. தீர்ப்பிலேயே பதிவாகியிருந்தும் பெரும்பாலும் சொல்லப்படாமல் விடுபடும் செய்தி ஒன்று உண்டு. சீனிவாசன் பொறியியல் கல்லூரிக்கு முறைப்படி விண்ணப்பித்திருந்தார். செண்பகமோ மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. சேர்க்கை பற்றி விசாரித்திருக்கிறார். தாம் பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரியவந்திருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பாமல் நேரே நீதிமன்றம் சென்றிருக்கிறார்.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. விண்ணப்பிக்காத ஒருவர் இடம் மறுக்கப்பட்டது என்று முறையிட முடியுமா என்பது நியாயமான ஐயம். ஆனால், மனு வெற்றிபெற்றால் அவருக்கு ஓர் இடம் ஒதுக்குவதாக மாநில அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது. அந்தத் தனிச் சூழலைக் கருதி நீதிபதிகள் மேற்கொண்டு கிளறவில்லை. அதோடு, விண்ணப்பிக்காமலேயே நீதிமன்றத்துக்கு வருவதைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாக யாரும் பொருள் கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கே காரணமான ஒரு வழக்கு, அனுப்பப்படாத ஒரு விண்ணப்பத்தின் மேல் நின்றது என்பது வியப்பான செய்திதான். சட்ட நுணுக்கமாக இதைப் படிப்பவர்கள் உண்டு. இக்கட்டுரையின் நோக்கில் இது வேறொன்றைச் சொல்கிறது. விதி ஒருவரைத் தடுக்க வேண்டுமென்றால் அவருடைய மனுவை நிராகரிக்க வேண்டிய அவசியமே இல்லை. விதியைக் கேள்விப்பட்டாலே போதும், அவர் நின்றுவிடுவார். செண்பகத்தின் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமே அதை நடைமுறையில் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அந்தப் பார்வை ஒரு பக்கத்துக்கு மட்டுமே கிடைத்தது. வகுப்புவாரி ஆணைக்கு முந்தைய பல பத்தாண்டுகளில் பல்லாயிரம் குடும்பங்கள் அதே போல விசாரிக்காமலேயே நின்றிருந்தன. பள்ளிக்கூடமே இல்லாத ஊரிலிருந்து, அல்லது பள்ளிக்குள் அனுமதிக்கப்படாத தெருவிலிருந்து, கல்லூரி வாசலில் போய் விசாரிக்கக்கூட ஆள் இல்லை. அவர்கள் சார்பில் எந்த மனுவும் நீதிமன்றத்துக்கு வந்திருக்க முடியாது. விசாரித்துப் பார்த்துத் திரும்பியவரை நீதிமன்றத்தால் காண முடிந்தது. விசாரிக்கவே தோன்றாதவரைக் காண அதனிடம் வழி இல்லை. பின்தங்கியோரின் கல்வி நலனைப் பேணும்படி சொல்லும் அரசியலமைப்பின் 46ஆம் பிரிவை அரசு எடுத்துக்காட்டியது. வழிகாட்டு நெறி அடிப்படை உரிமைக்கு மேல் போக முடியாது என்று நீதிமன்றம் மறுத்தது.

தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. பெரியார் முன்னின்று நடத்தினார். 1951 ஜூன் மாதம் முதல் திருத்தம் நிறைவேறி 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்காகத் தனி ஏற்பாடு செய்ய அது வழிவிட்டது. எல்லா வகுப்பினருக்கும் பங்கு பிரித்த பழைய முறை போய், பின்தங்கியோருக்கான ஒதுக்கீடும் மற்றவை பொதுப்போட்டியும் என்ற இன்றைய வடிவம் வந்தது.

நேர்முகத் தேர்வு

ஒதுக்கீட்டுக்குள்ளும் பொதுப்போட்டிக்குள்ளும் ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது அடுத்த சிக்கல். 1960களில் மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் இருந்தது. மாவட்ட மக்கள்தொகை விகிதப்படி இடங்களைப் பிரித்துப் பார்த்தது அரசு. பி. இராஜேந்திரன் வழக்கில் 1968 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பிறகு கல்லூரிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு தேர்வுக்குழு என்று அமைத்தது. பெரியகருப்பன் வழக்கில் அதுவும் விழுந்தது.

பெரியகருப்பன் வழக்கின் தீர்ப்பில் அந்நாளைய தேர்வு முறையின் விவரம் கிடைக்கிறது. பாட மதிப்பெண் 200, நேர்முகத்துக்கு 75. விளையாட்டு அல்லது என்.சி.சி., உடல் திறன், பொதுத் திறன், மருத்துவப் படிப்பில் நாட்டம் போன்றவற்றைக் குழு சில நிமிடங்களில் எடைபோட வேண்டும். 275இல் 75 என்பது பாட மதிப்பெண்ணில் உள்ள எந்த முன்னிலையையும் கவிழ்க்கப் போதும். கிராமத்திலிருந்து வந்த மாணவருக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது எளிது. முன்பின் தெரியாத ஊருக்குப் போக வேண்டும், நல்ல சட்டை வேண்டும், பேராசிரியர்கள் முன் ஆங்கிலத்தில் பேச வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, "சிபாரிசு இல்லாமல் நடக்காது" என்று ஊரில் எல்லோரும் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே விண்ணப்பிக்க வேண்டும். சிபாரிசு உண்மையில் எவ்வளவு நடந்தது என்பது வேறு கேள்வி. நடக்கிறது என்ற நம்பிக்கையே ஆளை வீட்டோடு நிறுத்தப் போதுமானது.

நுழைவுத் தேர்வும் கட்-ஆஃபும்

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1984இல், தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு வந்தது. சிபாரிசுப் பேச்சுக்கு அது பெருமளவு முற்றுப்புள்ளி வைத்தது. பதிலுக்கு வேறொன்றைக் கொண்டுவந்தது: மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு நகரத்தில் தங்கிச் சில வாரம் கோச்சிங் படிக்கும் வழக்கம். அறை வாடகைக்கும் கோச்சிங் கட்டணத்துக்கும் பணம் புரட்ட முடியாத வீட்டில் முடிவு சுலபமாக எடுக்கப்பட்டது. கிராமப்புற மாணவர் பின்தங்குகிறார்கள் என்ற குறை ஓங்கியது. எம். ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2006இல் சட்டமன்றம் நுழைவுத் தேர்வை நீக்கியது. 2007இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வந்தது. உயர் நீதிமன்றமும் சட்டத்தை ஏற்றது.

அடுத்த பத்தாண்டுகளில் விண்ணப்பிக்கும் முடிவு வெறும் கூட்டல் கணக்கானது. உயிரியலை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் சுருக்கினால் 200க்குக் கட்-ஆஃப் கிடைக்கும். பிளஸ் டூ முடிவு வந்த அன்று மாலையே மாணவர் தம் எண்ணையும் சென்ற ஆண்டு தம் பிரிவுக்குரிய கடைசி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார். கால் மதிப்பெண்ணில் கதை மாறும். இருவர் ஒரே எண்ணில் நின்றால் பிறந்த தேதியும் ரேண்டம் எண்ணும்கூடக் கணக்கில் வரும். இந்த முறையின் பெரிய நன்மை, முடிவு தெரிந்த பிறகு விண்ணப்பிக்க முடிந்தது. நம்பிக்கைக்கும் ஏமாற்றத்துக்கும் இடையே பணம் போய்ச் சிக்கவில்லை.

ஆனால், இந்தக் காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பது சரியன்று. நாமக்கல், இராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் வளர்ந்தது இந்தச் சூழலில்தான். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தும் பள்ளிகள் பெருகின. 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியதாயிற்று. அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்கள் இந்தப் பத்தாண்டிலும் மிகச் சிலரே. உண்மையான விண்ணப்பம் பத்தாம் வகுப்பு விடுமுறையில் உறைவிடப் பள்ளியின் கட்டண ரசீதாகவே எழுதப்பட்டது.

நீட்

நீட் முதன்முதலாக 2013 மே மாதம் நடந்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு மாநிலக் கல்லூரி இடங்களுக்கு அவசரச் சட்டத்தால் விலக்கு கிடைத்தது. 2017இல் விலக்கு மீண்டும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஆகஸ்ட் வரை நீடித்தது; கிடைக்கவில்லை. மாநிலப் பாடத்திட்ட மாணவருக்கு 85 விழுக்காடு இடம் தரும் அரசாணையும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தவர். பழைய கணக்கில் 196.75 கட்-ஆஃப். சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். உச்ச நீதிமன்றம் வரை சென்று வாதாடிய அவர் செப்டம்பர் 1இல் உயிரிழந்தார். படிப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு விதியும், முடிந்த பிறகு வேறொரு விதியுமாக இருந்ததே அந்த ஆண்டின் கொடுமை. அறிவிப்பை நம்பிக் காத்திருந்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

மறு ஆண்டு வேறு சிக்கல்கள். தமிழ்நாட்டு மாணவர் பலருக்குக் கேரளம், இராசஸ்தான் போன்ற மாநிலங்களில் தேர்வு மையம் ஒதுக்கப்பட்டது. தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது. வினாவுக்கு நான்கு என 196 மதிப்பெண் வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இவற்றைவிட நீடித்த மாற்றம் நாட்காட்டியில் நிகழ்ந்தது. இப்போது பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே நீட்டுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். தன் பலம் என்னவென்று தெரியாத நேரத்தில் கட்டணம் கட்டவேண்டும். அடுத்து, ஒருமுறை தோற்றால் இன்னோர் ஆண்டு தனியே படித்து எழுதலாமா என்ற புதிய கேள்வி எழுந்தது. நீதிபதி ஏ. கே. இராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கை, மருத்துவத்தில் சேர்ந்தவர்களுள் மறுமுறை எழுதியவர்களே பெரும்பான்மையாகிவிட்டதைக் காட்டியது. ஓர் ஆண்டைச் செலவிட ஒரு குடும்பத்தால் முடியுமா என்பது மதிப்பெண்ணைவிடப் பெரிய கேள்வி. பெண் பிள்ளை விஷயத்தில் அந்த ஓராண்டைக் கொடுக்கப் பல வீடுகள் இன்னும் தயங்குகின்றன.

2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. நீதிபதி பி. கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைத்திருந்தது. செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாவுக்கு ஆளுநரின் ஒப்புதல் தாமதமானது. அக்டோபர் 29இல் அரசு நேரடியாக ஆணை பிறப்பித்தது. மறுநாள் ஒப்புதல் வந்துசேர்ந்தது. முந்தைய ஆண்டில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை, அவ்வாண்டு முந்நூறைத் தாண்டியது.

நவம்பரில் நடந்த முதல் கலந்தாய்வில் தனியார் கல்லூரி இடம் கிடைத்த மாணவர் சிலர், கட்டணம் கட்ட வழியில்லை என்று இடத்தை வேண்டாமென்று சொல்லித் திரும்பினார்கள். தேர்வில் வென்று, ஒதுக்கீட்டில் வந்து, கலந்தாய்வு மேசை வரை போன பிறகு எடுக்கப்பட்ட முடிவு அது. அதன் பிறகே இந்த ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது.

இந்த ஒதுக்கீட்டைப் பெறுவதற்கான தகுதி, 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது. கல்வி உரிமைச் சட்டப்படி 8ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இடம் பெற்று, பின்னர் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் அது பொருந்தும். சொந்தப் பணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்த்து, இடையில் கட்ட முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றிய வீட்டுப் பிள்ளைக்கு அது கிடையாது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளையை எந்தப் பள்ளியில் போடுவது என்று பேசும் பெற்றோர், மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தை அப்போதே நிரப்பிவிடுகிறார்கள்.